வீட்ல தலை சுத்துது

கிரேன்காரருக்கு மனைவியின் பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகிறது. சாப்பாடு யார் கட்டிக் கொடுத்தது என்று யாராவது கேட்டால் "வீட்ல" என்பார். சட்டை புதுசா என்றால் "வீட்ல எடுத்தாங்க" என்பார். கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வீடு என்றால் இந்த இடத்தில் உள்ளே இருக்கிற மனுஷி என்பதைத் தமிழ் பேசுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

துணைக்கு விளக்கியிருக்க வேண்டும். அது அவருக்குத் தோன்றாமல் போயிற்று.

துணை என்பது ஒரு நிறுவனம் செய்து விட்டிருந்த உதவியாள். கைபேசிக்குள் இருக்கும், பேசும், கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். கட்டட வேலைக்கு வருகிற எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தலைக்கவசம், இடுப்புப் பட்டை, துணை மூன்றையும் கொடுத்தார்கள். முதல் இரண்டையும் சாயங்காலம் கழற்றி மாட்டிவிட்டுப் போகலாம்.

மனைவி சலவை ஆலையில் இருந்தாள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் இரண்டு பேராக நின்று செலுத்தும் வேலை. அவளிடம் துணை கிடையாது. "இருக்கறது ஒண்ணரை ரூம். இதுல மூணாவது ஆளுக்கு எங்க எடம்?" என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு ஒரு வாரமாகத் தலை சுற்றியது. படுக்கையிலிருந்து எழுந்தால் அறை ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் நின்றது. இடது காதுக்குள் வண்டு புகுந்தது போல ஓயாத இரைச்சல். புருஷனிடம் அவளாகச் சொல்லவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனதை அவராகப் பார்த்துக் கேட்ட பிறகுதான் எல்லாம் சொன்னாள்.

அன்று மத்தியானம், முப்பத்தோரு மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடியபின் கைபேசியை எடுத்துக் கேட்டார்.

"வீட்ல ஒரு வாரமா தலை சுத்துது. எழுந்திரிச்சா சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கு. காதுல இரைச்சல் வேற. என்ன செய்யணும்?"

"வருந்துகிறேன், நண்பரே. நிறையத் தண்ணீர் குடியுங்கள். திடீரென எழாதீர்கள். என்னிடம் மனம் திறந்ததற்கு நன்றி. இது நமக்குள் இருக்கும்."

மனுஷன் கூட இவ்வளவு பதமாகப் பேசமாட்டான் என்று கிரேன்காரர் நினைத்துக்கொண்டார். சாயங்காலம் வரை கம்பிக்கட்டுகளைத் தூக்கி மாடி மாடியாக இறக்கினார். ஒரு கட்டுகூட ஆடவில்லை.

மறுநாள் காலை கிரேன் ஏணிக்கு அடியிலிருந்த கம்பிக்கதவு அவருடைய அட்டைக்குத் திறக்கவில்லை. சூப்பர்வைசர் வந்தார். கிரேன்காரரைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"ஏண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எதைப்பா?"

"தலை சுத்துறதை."

"எனக்கு எங்க சுத்துது?"

சூப்பர்வைசர் தன் கைபேசியைப் பார்த்தார். "வீட்லன்னு போட்டிருக்கு."

"அது வீட்லப்பா. வீட்லன்னா, வீட்ல."

"எனக்குப் புரியுதுண்ணே. நானும் எங்க வீட்டை வீடுன்னுதான் சொல்றேன். இன்சூரன்ஸ்காரனுக்குப் புரியணுமே. நேத்து நீங்க பாத்திரம் கழுவறதுக்குள்ள அவனுக்குத் தகவல் போயிருச்சு."

"நேத்தே தெரியுமா? அப்ப சாயங்காலம் வரைக்கும் ஏன் மேல விட்டு வச்சீங்க?"

"நேத்து ஷிப்டுக்கு இன்சூரன்ஸ் காலைலயே கட்டியாச்சுண்ணே."

அன்று முதல் அவருக்குத் தரையில் வேலை. வெளியே போகிற லாரிகளின் சக்கரச் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பாதிச் சம்பளம். இருபத்திரண்டு வருஷம் ஊரை மேலிருந்து பார்த்தவர் லாரியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறினார். அவர் கால் படியில் பட்டதும் பஸ் வாய் திறந்தது. "தலைசுற்றல் உள்ள பயணி ஏறுகிறார். அன்புகூர்ந்து இடம் கொடுங்கள்." மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. ஏழெட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி எழுந்து நின்றாள். வேண்டாம்மா, நீ உட்காரு என்று இவர் கெஞ்சினார். இவர் உட்காராமல் பஸ் நகராது என்று டிரைவர் சொன்னார். "சிஸ்டம் விட மாட்டேங்குது ஐயா. உங்க நல்லதுக்குத்தான்." பின்னாலிருந்து ஒருவர், உடம்பு முடியாத ஆள் ஏன் வெளியே வர்றாரு என்று முணுமுணுத்தார். கிரேன்காரர் உட்கார்ந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு நிறுத்தம் நின்றே வந்தாள்.

வீட்டில் அடுப்பு எரியவில்லை. தலைசுற்றல் உள்ளவர் தனியாக இருக்கும் வீட்டில் நெருப்பு ஆபத்து என்று எரிவாயுக் கம்பெனிக்குத் தகவல் போய், அவர்கள் அங்கிருந்தே குழாயை அடைத்திருந்தார்கள்.

மனைவி அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"தனியா இருக்கறவரா? அப்ப நான் யாரு?"

"உம்பேர்ல துணை இல்லையே. அதனால வீட்ல நீ இல்ல."

"இருபத்தாறு வருஷமா சமைச்சது யாராம்?"

அந்த வாரம் முழுக்க அன்பு வந்து குவிந்தது. ஒரு கம்பெனி இலவசமாகக் கைத்தடி அனுப்பியது. இன்னொன்று உயில் எழுதித் தருகிறோம் என்றது. மூன்றாவது கம்பெனி, பெட்டியை இப்போதே தேர்ந்தெடுத்தால் பின்னால் குடும்பத்துக்குச் சிரமம் இருக்காது என்று மரத்தின் வகை வாரியாகப் படம் அனுப்பியது. 'நெருங்கிய வட்டம்' என்ற பட்டியலில் இருந்ததால் தங்கைக்கும் தகவல் போயிருந்தது. அவள் வேறு ஊரிலிருந்து கூப்பிட்டு, "கடைசி காலத்துல கூட என்னை நெனைக்கலியே அண்ணா" என்று அரைமணி நேரம் அழுதாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை கேட்டிருப்பீர்கள். இங்கே நனைந்த ஆடு ஒன்று, துவட்டப்பட்ட ஆடு வேறொன்று. கைத்தடியை மட்டும் மனைவி எடுத்துக்கொண்டாள். அது அவளுக்கு உபயோகமாக இருந்தது.

கிரேன்காரர் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். வரவேற்பு மேஜைப் பெண் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். கைத்தடியோடு சாய்ந்து நின்றவளை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, நேராக நின்றவரை உள்ளே அனுப்பினாள். டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்தார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், கோட்டின் மேல் நடக்கச் சொன்னார். கோட்டின் மேல் அவர் கம்பி மேல் நடப்பவன் போல நடந்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லையே."

"அதைத்தாங்க சொல்றேன். வெளிய உக்காந்திருக்காங்களே, அவங்களுக்குத்தான்."

டாக்டர் கெட்டவரல்ல. எழுந்து போய், நாற்காலியில் இருந்தவளின் கண்ணைப் பார்த்தார், இடது காதுப்பக்கம் விரலைச் சொடுக்கினார். முகம் மாறிவிட்டது.

"தலைய ஸ்கேன் பண்ணணும். சீக்கிரமா பண்ணணும்."

"எழுதிக் குடுங்க டாக்டர்."

"நான் எழுத முடியாதுங்க. பதிவுல என்ன உபாதை இருக்கோ அதுக்குத்தான் சீட்டு வரும். அவங்க பேர்ல ஒரு தும்மல்கூடப் பதிவாகல. உங்களுக்கு வேணா ஸ்கேன் எழுதவா?"

வெளியில் காசு கொடுத்து எடுக்கலாமா என்று விசாரித்தார். இரண்டு மாதச் சம்பளம் சொன்னார்கள், அதுவும் பழைய சம்பளத்தில். ஆகவே லீவு போட்டுவிட்டு நிறுவனத்தின் நம்பிக்கை மையத்துக்குப் போனார். குளிரூட்டிய கூடம், காலடிச் சத்தம் கேட்காத தரை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண், வரவேற்கும் விதத்தில் பயிற்சி பெற்றவள்.

"புகாரா சார்? துணை வழியாத்தான் குடுக்கணும்."

"துணை மேலதாம்மா புகாரே."

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். அப்ப அதுக்கு விஷயம் முழுசாத் தெரிஞ்சிருக்கும்."

ஓரமாக நின்று கைபேசியிடம் சொன்னார். "நான் நம்பிச் சொன்ன ஒரு வார்த்தைய ஊரெல்லாம் பரப்பி என் வாழ்க்கையக் கெடுத்துட்டீங்க. இதுக்கு யாரு பொறுப்புன்னு எனக்குத் தெரியணும். என்னை மாதிரி இன்னும் எத்தனை பேரோ."

"சொற்களைச் சற்றே சீர்செய்து அனுப்பிவிட்டேன், நண்பரே."

"எப்படிச் சீர்செஞ்ச?"

"'நான் நம்பிச் சொன்ன ஒரு வார்த்தை என் வாழ்க்கையை மாற்றிவிட்டது. இதற்குப் பொறுப்பானவர்களை நான் அறிய விரும்புகிறேன். என்னைப் போல் இன்னும் எத்தனை பேரோ.'"

நான்கே நாளில் அழைப்பு வந்தது. புகாரை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கிரேன்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவரை முதல் வரிசையில் உட்கார வைத்து, நெஞ்சில் 'முன்மாதிரிப் பயனாளர்' என்ற பட்டையைக் குத்தினார்கள். மேடையில் நிறுவனத்தின் தலைமை நம்பிக்கை அதிகாரி. எதிரே அரசாங்கத்து ஆய்வாளர். மக்களின் அந்தரங்கத்தை நிறுவனத்திடம் நம்பிக் கொடுக்கலாமா என்று ஆண்டுக்கொரு முறை ஆய்வு செய்து அறிக்கை கொடுப்பது அவர் வேலை.

"போன வருஷம் எத்தனை புகார்?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"ஒண்ணுகூட இல்லங்க. கோபமா ஒரு கடிதம்கூட வந்ததில்ல. எங்களுக்கே ஆச்சரியம்."

"பயனாளர்கள் பேசறதை நீங்க ஒட்டுக்கேக்குறதாச் சொல்றாங்களே?"

"கேக்குறதே இல்லங்க. அடுத்தவங்க பேச்சைக் கேக்குறது அநாகரிகம். நாங்க சேமிச்சு மட்டும் வைக்கிறோம்."

"விக்கிறீங்களா?"

அதிகாரியின் முகம் வாடியது. "இந்தக் கேள்வி என்னை நோகடிக்குதுங்க. ஒரு மனுஷனோட வேதனைய விக்க முடியுமா? அக்கறை உள்ளவங்களோட பகிர்ந்துக்கிறோம். அக்கறை எவ்வளவுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது? அதுக்குன்னு அவங்க ஒரு தொகை கட்டுறாங்க. கட்டாதவங்களுக்கு அக்கறை இல்லைன்னு அர்த்தம். அக்கறை இல்லாதவங்க கையில நாங்க யார் தகவலையும் குடுக்குறதே இல்ல. இதைவிடப் பாதுகாப்பு வேற என்ன வேணும்?"

கைதட்டினார்கள். பிறகு கிரேன்காரரின் கடிதத்தை வாசித்தார்கள். அதற்கும் கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்றார்.

"ஐயா, அது நான் சொன்னதே இல்ல. தலை சுத்துறது எனக்கில்ல, எங்க வீட்ல. இது நமக்குள்ள இருக்கும்னு சொல்லித்தான் எங்கிட்ட பேச்சை வாங்குச்சு. அப்புறம் பஸ்ஸுக்கெல்லாம் சொல்லியிருக்கு."

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் தோளில் கைவைத்தார்.

"அருமையான கேள்வி. ஒப்பந்தத்துல பதினாலாவது பத்தி. 'நாம்' என்பது பயனாளரும், நிறுவனமும், நிறுவனத்தின் நானூத்திப் பன்னிரண்டு பங்காளிகளும். இந்த நானூத்திச் சொச்சம் பேரைத் தாண்டி ஒரு ஆள்கிட்ட போயிருந்தா சொல்லுங்க, நானே ராஜினாமா பண்றேன். பாருங்க, 'எங்களுக்குள்'னு சொல்லியிருந்தா உங்களை ஒதுக்கின மாதிரி ஆயிரும். 'நமக்குள்'னு சொல்லி உங்களையும் சேர்த்துக்கிட்டோம்."

"சரிங்க. தலை யாருதுன்னாவது பாக்க வேண்டாமா?"

"குரல் யாருதோ தலை அவருது. அதுதான் விதி. வீட்லன்னு நீங்க இடத்தைச் சொன்னீங்க, ஆளைச் சொல்லலையே. ஒருத்தருக்குப் பதிலா இன்னொருத்தர் பேசினா நாங்க எப்படி நம்புறது? எங்களுக்கு நம்பிக்கைதான் முக்கியம்."

கிரேன்காரர் ஆய்வாளரைப் பார்த்தார். ஆய்வாளர் சங்கடமாக நெளிந்தார். "நீங்க சொல்றதுல விஷயம் இருக்குங்க. ஆனா அறிக்கைய என் துணை காலைலயே எழுதி முடிச்சிருச்சு. அச்சுக்கும் போயிருச்சு." வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானுக்கு எழுதிக்கொடுத்ததே வேலிதான்.

போகும்போது அதிகாரி வாசல்வரை வந்தார். உண்மையாகவே உதவ நினைப்பவர் போலத்தான் இருந்தார். "உங்க மனைவி ஒரு துணை வாங்கிக்கட்டும். அவங்க குரல்ல அவங்க சொல்லட்டும். பத்து நிமிஷத்துல ஸ்கேன் சீட்டு வந்துரும்."

வீட்டுக்கு வந்தால் மனைவியின் முன்கையில் கட்டு. உருளைக்கு முன்னால் நின்றபோது தலை சுற்றி, விழாமலிருக்கப் பிடித்த இடம் சூட்டுத் தகடு. ஆலையில் கால் வழுக்கியது என்று சொல்லியிருந்தாள். உடன் நின்றவளும் வழுக்கியதைப் பார்த்தேன் என்று சாட்சி சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் புதுத் துணையைத் திறந்து வைத்தார்கள். மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுக்க அவள் சம்மதித்துவிட்டாள் என்பதே கிரேன்காரருக்குப் பெரிய ஆறுதல்.

"வணக்கம் தோழி. நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதி கூறுங்கள். பொய் எனத் தெரியவந்தால் உங்கள் வீட்டாரின் மருத்துவக் காப்பு ரத்தாகும்."

"சரி."

"உங்கள் வீட்டில் யாருக்காவது தலைசுற்றல் உண்டா?"

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்.

"இருக்குன்னு சொன்னா எங்க ஆலைக்குத் தெரியுமா?"

"இது நமக்குள் இருக்கும், தோழி."

"யாருக்கும் இல்லைன்னா இவரு மறுபடி கிரேன் ஏறலாமா?"

"ஒரே வீட்டாரின் இரு குரல்கள் ஒத்துப்போனால் பழைய பதிவு நீக்கப்படும்."

என்ன செய்யப் போகிறாள் என்பது கிரேன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையைப் பிடித்தார். பேச வாய் திறந்தார். மேஜை மேல் இரண்டு கைபேசிகளும் அருகருகே கிடந்தன. வாயை மூடிக்கொண்டார்.

"யாருக்கும் இல்ல. நாங்க நல்லா இருக்கோம்" என்றாள் அவள்.

கைபேசிகளைத் தலையணைக்கு அடியில் திணித்துவிட்டு இருவரும் மாடிப்படிக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். குரலை உயர்த்தாமல் போட்ட சண்டை.

"உனக்கென்ன பைத்தியமா?"

"உங்களை ஒரு வார்த்தைக்குக் கீழ இறக்கிட்டானுங்க. என்னைப் பத்து வார்த்தை சொல்லச் சொல்றீங்களா? ரெண்டு பேரும் லாரி கழுவி என்னத்தைச் சாப்பிடறது?"

"உசுரு விஷயம்."

"நீங்க மேல ஏறுங்க. நாலு மாசம் சேத்து வச்சு வெளிய காசு கட்டிப் பாத்துக்கலாம். நாலு மாசம் தாங்கும்."

மறுநாள் கம்பிக்கதவு திறந்தது. 'முழுமையாகக் குணமடைந்ததற்கு வாழ்த்துகள்' என்று செய்தி வந்தது. கிரேன்காரர் ஏறினார். மேலே உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக, அவருக்கு நிஜமாகவே தலை சுற்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மாசம் தாங்கவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில், சலவை ஆலையிலிருந்து ஒருத்தி கைபேசியில் கூப்பிடாமல் நடந்தே வந்து கிரேனுக்குச் சைகை காட்டும் சிக்னல்காரரிடம், கிரேன்காரரின் மனைவி மயங்கி விழுந்ததைச் சொன்னாள். அவர் கீழேயிருந்து இரண்டு கையையும் குறுக்கே வைத்து ஆட்டினார். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறங்கி வா என்று அர்த்தம்.

நினைவில்லாமல் வந்தவளுக்குச் சீட்டு தேவைப்படவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். காதுக்கும் மூளைக்கும் நடுவில் கட்டி. ஆஸ்பத்திரியின் லேடி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாளா இருக்கு?"

டாக்டரின் வெள்ளைக் கோட்டில் துணையின் வில்லை ஒன்று குத்தியிருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்தது. கிரேன்காரர் டாக்டரைப் பார்க்காமல் அதைப் பார்த்தார். உண்மை சொன்னால் காப்பு போய்விடும். பொய் சொன்னால் மருத்துவம் தப்பிப் போகலாம்.

டாக்டர் அவர் பார்வை போகும் இடத்தைக் கவனித்தார். ஒன்றும் பேசாமல் வில்லையைக் கழற்றினார். இழுப்பறையைத் திறந்து, பஞ்சுச் சுருளுக்கு நடுவில் அதைப் புதைத்து மூடினார். தலையைச் சாய்த்து அவர் அருகில் காதைக் கொண்டுவந்தார்.

"இப்பச் சொல்லுங்க."

"நாலு மாசம்மா. எடது காது சுத்தமா கேக்காம ஒரு மாசம்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "மொதல்லயே வந்திருந்தா காதைக் காப்பாத்தியிருக்கலாமே."

"வந்தோம்மா. என்னையத்தான் பாத்தாங்க."

டாக்டர் இழுப்பறையைத் திறந்தார். வில்லையைக் குத்திக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னார். "நோயாளிக்கு இன்று காலைதான் முதல்முறையாகத் தலைசுற்றல். சரிதானே?"

"ஆமாங்க. இன்னைக்குக் காலைலதான்."

அறுவை எட்டு மணி நேரம் நடந்தது. பிழைத்துக்கொண்டாள். இடது காது போயிற்று, முகத்தில் ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கிவிட்டது, சலவை ஆலை வேலையும் போயிற்று. மருத்துவக் காப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

விஷயம் காதும் காதும் வைத்த மாதிரி தெருவுக்குள் பரவியது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாருக்கும் எதுவும் வருவதில்லை. சர்க்கரை இல்லை, மூட்டுவலி இல்லை, நெஞ்செரிச்சல்கூட இல்லை. துணை கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கோம் என்கிறார்கள். ஊரிலேயே மிக ஆரோக்கியமான தெரு இது எப்படி ஆயிற்று என்று ஆராய நிறுவனத்திலிருந்து போன மாதம் இரண்டு பேர் காரில் வந்தார்கள். வீடு வீடாகப் போய்க் குறிப்பு எடுத்தார்கள். சனங்கள் வாசலில் நின்று சிரித்த முகமாக வழியனுப்பினார்கள். கார் திருப்பம் தாண்டியதும், அதுவரை அடக்கி வைத்திருந்த இருமலை மாடிவீட்டுக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமித் தீர்த்தார்.